மணலுக்கு ஒரு கொட்டில்: புறக்கோட்டைச் சாமானோடு மன்னாரில் பறவை பார்த்த கதை

கொழும்பில் விற்கிற கூடாரங்கள் எல்லாம் மலைநாட்டை மனதில் வைத்து வந்தவை. மழை உள்ளே வரக்கூடாது, குளிர் உள்ளே வரக்கூடாது, காற்று வரவே கூடாது. நக்கிள்ஸ் பக்கம் போகிறவருக்கு அது சரி. அதே கூடாரத்தைப் பங்குனி வெயிலில் மன்னார்த் தீவின் மணலில் விரித்தால், சூரியன் கொஞ்சம் ஏறியதுமே உள்ளே இருக்க முடியாது. மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது. சிப்புக்குள் மணல் போனால் கதவு பாதியில் நின்றுவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டது இதற்கு நேரெதிரான ஒன்று. காற்று தாராளமாக வந்து போகவேண்டும், வெயில் மட்டும் வரக்கூடாது, மணலில் பிடிமானம் இருக்கவேண்டும். அப்படி ஒன்று கடையில் இல்லாததால் நாங்களே செய்தோம். நாங்கள் என்றால் நானும் கொட்டாஞ்சேனையில் இருக்கிற நண்பன் ஒருவனும்.

பாலைவனப் பறவை பார்க்கவேண்டுமென்றால் ராஜஸ்தானுக்குத்தான் போகவேண்டும் என்பான் அவன். தார்ப் பாலைவனத்தில் கானமயில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் விமானச் சீட்டு, விசா, ஜெய்சல்மேர் வரைக்குமான ரயில் எல்லாம் சேர்த்தால் எங்கள் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். மன்னாருக்குக் கோட்டையிலிருந்து ரயில் இருக்கிறது, புறக்கோட்டையிலிருந்து பஸ் இருக்கிறது. இது சுத்தமான பாலைவனம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழையே பெரிய விடயம். மன்னாரில் அதைப்போல நாலைந்து மடங்கு பெய்யும். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மணல், உப்புவெளி, உடைமரம், பனை, காற்று. மாசி, பங்குனியில் அங்கே நின்றால் இலங்கையில் நிற்கிறோம் என்று நம்புவது கஷ்டம். குளிர்நாட்டிலிருந்து வந்த பறவைகளும் அப்போது இன்னும் திரும்பிப் போயிருக்காது.

விலை விபரம் எழுதப் போவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் ஒரு சாமானின் விலையை எழுதி வைத்தால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிட்டது. ஒப்பீடாகச் சொல்கிறேன்: கூரை, கயிறு, நங்கூரம், நிலவிரிப்பு எல்லாம் சேர்த்து, நாங்கள் பார்த்த மலிவான இருவர் கூடாரத்தின் அரைவிலையைத் தொடவில்லை. அதிலும் பெரிய பங்கு தையல்கூலிக்குப் போனது.

கூரையிலிருந்து தொடங்கினோம். முதலில் யோசித்தது தறப்பாள்தான். எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும், மலிவு, நீர் புகாது. ஆனால் தறப்பாளின் கீழே மதியத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது வெயிலை மறைக்கும், வெக்கையை மறைக்காது. துணி சூடாகி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். அதனால் இரண்டு அடுக்காகப் போனோம். மேலே நாற்றுமேடைகளுக்குப் போடுகிற நிழல் வலை, 75 வீதம் மறைக்கிற ரகம். கீழே வெள்ளைக் காடாத் துணி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேலடுக்கு வெயிலின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். அது சூடானாலும், இடைவெளிக்குள்ளால் ஓடுகிற காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கீழ்த்துணிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மழைக்கு என்ன செய்வாய் என்று கேட்டவர்களுக்குப் பதில்: மடித்து வைத்த ஒரு பொலித்தீன் விரிப்பு. அந்த மாதங்களில் அதை விரிக்கிற தேவை அநேகமாக வராது.

நிழல் வலை வாங்கிய கடை புறக்கோட்டையில். நாலு மீற்றருக்கு மூன்று மீற்றர் வெட்டச் சொன்னதும் கடைக்கார நானா, "மகன், என்ன பயிர் போடப் போறீங்க?" என்றார். மன்னாரில் படுக்கப் போகிறோம் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவராகவே, பச்சை வேண்டாம், கறுப்பை எடுங்கள், பச்சை வெயிலில் சீக்கிரம் நொந்துபோகிறது என்றார். எல்லாப் பச்சை வலையும் அப்படியா தெரியாது, அவர் கடையில் வருகிற சரக்கு அவருக்குத் தெரியும். கறுப்பையே எடுத்தோம்.

வலையின் பலவீனம் அதன் ஓரம். அதில் நேரே ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் ஒரு பலத்த காற்றிலேயே கிழிந்து வரும். சுற்றிவரப் பட்டி வைத்துத் தைக்கவேண்டும். பட்டிக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். பழைய வாகனங்களைக் கழற்றி விற்கிற கடைகளில் சீற் பெல்ட் குவியலாகக் கிடக்கும். ஒரு மனிதனையே பிடித்து நிறுத்தச் செய்த பட்டி, இந்த வலையைப் பிடிக்காதா? விலை கேட்டபோது கடைக்காரருக்கே சிரிப்பு. நல்லதாகப் பார்த்து, வெயிலில் வெளுத்துப் பொருபொருத்ததை ஒதுக்கி எடுங்கள்.

வெள்ளவத்தையில் நான் வழக்கமாகக் கொடுக்கிற தையல்கார அண்ணை பட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் தைச்சா என்ர ஊசி முறியும், உங்கட காசும் வேண்டாம்" என்றார். அவர் சொன்னது நியாயம். உடுப்புத் தைக்கிற மெஷினுக்கு இது வேலை இல்லை. பயணப் பை திருத்துகிறவர்களிடம் கனமான மெஷினும் நைலோன் நூலும் இருக்கும். அப்படி ஒருவர் புறக்கோட்டையில் நடைபாதை ஓரமாக இருந்து ஒரே மூச்சில் தைத்துக் கொடுத்தார். மூலைகளில் பட்டியை மூன்று மடிப்பாக வைத்துப் பெருக்கல் குறி போலத் தையல் போடச் சொன்னோம். கயிறு கோர்க்கிற ஐலெட் வளையங்கள் பித்தளையில். மன்னார்க் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு அங்கே நாள்பட நிற்காது.

தூணுக்குப் பெயின்ற் உருளைக்குப் போடுகிற நீட்டிச் சுருக்கும் கம்பி இரண்டு. சுருக்கினால் ரயிலில் ஆசனத்துக்குக் கீழே போகும், நீட்டினால் ஆளுயரத்துக்கு மேல். கூடாரம் போடாத நேரத்தில் பைனாகுலரைத் தாங்கிப் பிடிக்க ஒற்றைக் காலாகவும் உதவும். மணலில் புதையாமல் இருக்க அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. கயிறு மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கினோம். முகாம் கயிறு என்று தனியாக விற்பதை விட மலிவு, கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் பழகியது.

இனி இதன் முக்கியமான பகுதி, நங்கூரம்.

மன்னாரில் காற்று எப்படிப்பட்டது என்று ஒருவர் கேட்டால், தம்பபவனியைக் காட்டலாம். தீவின் தெற்குக் கரையோரம் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்று இல்லாத இடத்தில் யாரும் அதை நட்டிருக்க மாட்டார்கள். (வலசைப் பறவைகளின் பாதையில் அவற்றை நட்டது சரியா என்ற வாதம் தனியே இருக்கிறது. அங்கே நின்று மேலே பார்த்தால் அந்தக் கேள்வி தானாக வரும்.) வைகாசி முதல் சோளகம் அடிக்கிற மாதங்கள்தான் மிக மோசம். மாசியில் வாடையின் கடைசிப் பகுதி இருக்கும். அது அவ்வளவு மூர்க்கம் இல்லை என்றாலும் லேசுப்பட்டதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கிற காற்று, நேரே நிமிர்ந்து நிற்கிற ஒரு சதுர மீற்றரைக் கிட்டத்தட்ட 6 கிலோ பாரத்தோடு தள்ளும். 54 கிலோமீற்றரில் அது 14 கிலோவுக்குக் கிட்ட. ஆறு சதுர மீற்றர்த் துணியை மதில் மாதிரி நிறுத்தினால் 80 கிலோவுக்கு மேல் தாங்கவேண்டி வரும். கூரையைச் சரித்து, காற்று வருகிற பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டால் இது நன்றாகக் குறையும். வலையாக இருந்தால் காற்றில் ஒரு பகுதி ஊடுருவிப் போய்விடும், இன்னும் நல்லது. அப்படியிருந்தும் ஒரு சாண் முளையை நம்பிப் படுக்க முடியாது.

எங்கள் நங்கூரம் உரப்பை. ஒரு பையை வெட்டி, தலையணை உறையில் பாதி அளவுக்குச் சின்னப் பைகளாகத் தைத்தோம். வெறும் பைகள் என்பதால் போகும்போது பாரமே இல்லை. அங்கே போய் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். பத்து லீற்றர் காய்ந்த மணல் 16 கிலோ இருக்கும், ஆனால் பிடிப்பது அந்தப் பாரம் மட்டும் இல்லை. பை மேலே வரவேண்டுமென்றால் தனக்கு மேலும் முன்னும் இருக்கிற மணல் முழுவதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதனால்தான் ஆழம் முக்கியம்.

காக்கைதீவுக் கடற்கரையில் இதைச் சோதித்தோம். கடையில் வாங்கிய முளை இரண்டு விரலுக்கு வந்தது. புதைத்த பையில் மீன்காரரிடம் இரவல் வாங்கிய 25 கிலோத் தொங்கு தராசைக் கொளுவி இழுத்தோம். முள் கடைசி எண்ணைத் தொட்டது, பை அசையவில்லை. பிறகு தராசைக் கழற்றிவிட்டு நண்பன் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து இழுத்தான், அப்போதும் அசையவில்லை. கயிற்றை நிமிர்த்தி மேல்நோக்கி இழுத்தபோதுதான் மணல் வெடித்தது. அதிலிருந்து தெரிந்தது இரண்டு விடயம். கயிறு நிலத்தோடு சாய்ந்தே போகவேண்டும், தூணிலிருந்து தூணின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்திலாவது பையைப் புதைக்கவேண்டும். அடுத்தது, குழியிலிருந்து கூரை நோக்கிச் சரிவாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அதற்குள்ளால் கயிற்றை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கயிறு நேரே மேலே வளைந்து வந்து பையைத் தூக்கப் பார்க்கும். மூடிய மணலில் ஒரு வாளி கடல்தண்ணீரை ஊற்றி மிதித்தால் இன்னும் இறுகும்.

இரண்டு தமிழ்ப் பையன்கள் மாலை நேரத்தில் கொழும்புக் கடற்கரையில் பை புதைத்துக்கொண்டிருந்தால் யாராவது வந்து கேட்பார்கள். கேட்டார்கள். அடையாள அட்டையும் பொறுமையும் கையில் இருந்தன. கடைசியில் கேட்க வந்தவரும் ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பைனாகுலர் தனிக் கதை. நண்பனிடம் இருந்தது அவனுடைய மாமா விட்டுப்போன பழைய 10×50, அதாவது பத்து மடங்கு பெருக்குகிற, 50 மில்லிமீற்றர் முன் வில்லை உள்ள ரகம். கொழும்பு ஈரப்பதத்தில் அலுமாரிக்குள் கிடந்து முன் வில்லைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலந்திவலை மாதிரிக் கோடுகள் தெரியும். புதிதாக வாங்கலாமா என்று யோசித்து, திறந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். முன் வில்லையைப் பிடித்திருக்கிற வளையம் எவ்வளவு திருகி இருந்தது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டு, றபர்த் துண்டை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் கழன்று வரும். வில்லை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் குறிக்கவேண்டும், மாற்றிப் போட்டால் படம் கெட்டுவிடும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல். பூஞ்சணம் போனது, ஓரிடத்தில் மேற்பூச்சை அது அரித்த தடம் மட்டும் நின்றது. பார்வைக்கு அது தொந்தரவு இல்லை. உள்ளே இருக்கிற பட்டகங்களைத் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். ஒன்று இம்மி நகர்ந்தால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் தெரியும், அதைச் சரிக்கட்டத் தனிக் கருவி வேண்டும். காணாமல் போயிருந்த கண் றபருக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டோம். இப்போது அது காற்றுப் புகாத பிஸ்கட் ரின் ஒன்றில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடலாம்.

பழைய பைனாகுலர் போதுமா என்று கேட்பவர்களுக்கு: மணல்நாட்டில் விலையுயர்ந்த கண்ணாடியைத் தோற்கடிப்பது கானல். வெயில் ஏறியதும் மணலை ஒட்டிய காற்றும் மேலே உள்ள காற்றும் வெவ்வேறு சூட்டில் கலங்கும். உருப்பெருக்கம் கூடக்கூட அந்தக் கலக்கமும் பெரிதாகும். ஒன்பதரை, பத்து மணிக்குப் பிறகு 60 மடங்கு பெருக்குகிற தொலைநோக்கியில் தெரிவது கொதிக்கிற தண்ணீரில் மிதக்கிற வெள்ளைப் புள்ளிகள்தான். அது நாரையா பிளாஸ்ரிக் பையா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே விடிந்ததிலிருந்து ஒன்பது வரை, பின்னேரம் நாலுக்குப் பிறகு. இடையில் நிழலில் கிடக்கவேண்டும். நல்ல கண்ணாடிக்குச் செலவழிக்கிற காசை நல்ல நிழலுக்குச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மதிய வெயிலில் வாடிப்போனவன் பின்னேரம் எழும்பிப் பறவை பார்க்க மாட்டான்.

தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் ஐந்து லீற்றர் என்று வைத்தோம். தீவில் பல கிணறுகள் சவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. ஆகவே ஐந்து லீற்றர்ப் போத்தல்களை மன்னார் நகரில் வாங்கிக்கொண்டு போனோம், கொழும்பிலிருந்து சுமப்பது மடத்தனம். குளிராக வைத்திருக்க ஈரச் சாக்கைச் சுற்றிக் காற்றில் வைக்கிற பழைய வழிதான். வெள்ளவத்தை மொட்டைமாடியில் அது பெரிதாகப் பலன் தராது. 32 பாகையும் 80 வீத ஈரப்பதமும் இருந்தால், ஈரத்துணி ஆகக்கூடியது மூன்று பாகை வரைக்கும்தான் குளிரும். ஈரப்பதம் 60 வீதத்துக்கு இறங்கினால் அது ஆறு பாகைக்கு மேல். மன்னாரின் காய்ந்த மதியத்தில் வித்தியாசம் நாக்குக்குத் தெரிந்தது. தார்ப் பாலைவனத்தில், 38 பாகையில் 20 வீத ஈரப்பதம் என்றால், பதினைந்து பாகைக்கு மேல் இறக்கலாம். நண்பன் இந்தக் கணக்கையும் ராஜஸ்தான் போக ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டான்.

எங்கே படுப்பது என்பதை முதலே முடிவெடுக்கவேண்டும். வங்காலைச் சரணாலயத்துக்குள்ளோ ஆதாம் பாலத் தேசியப் பூங்காவுக்குள்ளோ கூடாரத்தோடு போய் இறங்க முடியாது, அனுமதி வேண்டும். கரையோரங்களில் கடற்படையும் இருக்கிறது. மலிவான வழி, யாருடைய காணியிலாவது கேட்டுப் படுப்பது. பேசாலைக்கு அப்பால் ஒரு மீனவ ஐயாவின் பனங்காணி, தெரிந்தவர்கள் மூலமாகக் கிடைத்தது. கிராம சேவகருக்கும் சொல்லிவைத்தோம். கிணறு, மலசலகூடம், காலையில் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீர் எல்லாம் சேர்த்து ஐயா கேட்ட காசு குறைவு, நாங்கள் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தோம்.

கூரை கட்டுவதை அவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொலித்தீன் விரிப்பைக் கண்டதும், "தறப்பாளுக்குள்ள கிடந்து எழும்பினவங்க நாங்க. நீங்க கொழும்பில இருந்து காசு செலவழிச்சுப் படுக்க வாறீங்க" என்றார். கோபமாக இல்லை, ஆனால் பகிடியாகவும் இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து காற்றுப்பக்கக் கயிற்றை ஒருதரம் ஆட்டிப் பார்த்து, பையை இன்னும் ஒரு முழம் தள்ளிப் புதைக்கச் சொன்னார். இரவுக்கு வாடை திரும்பும் என்றார். திரும்பியது. கூரை படபடத்தது, நகரவில்லை.

நிலத்துக்கு இரண்டு பனையோலைப் பாய், அதன்மேல் மெல்லிய ஸ்பொஞ்ச். காற்றடைக்கிற மெத்தையைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். உடைமர முள் செருப்பையே ஊடுருவும், மெத்தை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. படுக்கும் இடத்தை முதலில் வெளக்குமாறால் கூட்டி, பிறகு கையால் தடவிப் பார்க்கவேண்டும். உள்ளே தொங்கவிட்டது சாதாரண நுளம்பு வலை, ஓரங்களைப் பாய்க்குக் கீழே செருகி. இது நுளம்புக்கு மட்டும் இல்லை. அந்த வரண்ட மணலில் சுருட்டை விரியன் இருக்கிறது, சின்னப் பாம்பு, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், விஷம். இருட்டில் டோர்ச் இல்லாமல் எழும்பி நடக்கக்கூடாது, காலையில் சப்பாத்தைத் தட்டாமல் போடக்கூடாது.

சமையல் இல்லை என்று முதலே முடிவெடுத்திருந்தோம். அந்தக் காற்றில், காய்ந்த புல்லும் பனையோலையும் சுற்றிவரக் கிடக்கும்போது அடுப்பு மூட்டுவது காணிக்காரருக்குச் செய்கிற துரோகம். அவல், சீனி, தேங்காய்ப்பூ, பாணும் இடிச்ச சம்பலும், பயற்றம் பணியாரம், கச்சான். வெள்ளவத்தைக் கடைகளில் இதெல்லாம் ஒரே தெருவில் வாங்கலாம். அடுப்பு, காஸ், சட்டி எல்லாம் போனதில் பையின் பாரம் பாதியானது. இரண்டாம் நாள் ஐயா வீட்டில் மீன்குழம்பும் சோறும் வந்தது, அதைத் தடுக்க எங்களிடம் கொள்கை எதுவும் இருக்கவில்லை.

இனிப் பறவைகள்.

விடியலில் முதல் சத்தம் கௌதாரி. கொழும்பிலிருந்து போகிறவருக்கு அது புதுச் சத்தம், நாட்டின் தெற்கில் அதைக் கேட்க முடியாது. காணியின் வேலியிலேயே செம்முதுகுக் கீச்சான் இருந்தது. இலங்கையில் அதைப் பார்க்க மன்னார், யாழ்ப்பாணம் என்று வடக்குப் பக்கம்தான் வரவேண்டும், மன்னாருக்கு வந்தால் உடைமரத்துக்கு ஒன்று இருக்கும். உப்புவெளி ஓரத்தில் சின்ன உப்புக்கொத்தி ஒன்று ஓடுவதும் நிற்பதுமாகத் திரிந்தது. முன்பு கென்ரிஷ் உப்புக்கொத்தி என்றுதான் இதைக் குறித்துவைப்போம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிற கூட்டம் தனி இனம் என்று 2023இல் பிரித்து, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இராமர் அணை தொடங்குகிற கரையில் நின்று அதைப் பார்ப்பது ஒரு பொருத்தம்தான். இது கூடு கட்டுவதில்லை, வெறும் மணலில் முட்டை இடும், மணல் நிறத்திலேயே. கூடாரத்தைத் திறந்த உப்புவெளியில் போடாமல் பனங்காணிக்குள் போட்டதற்கு இதுவும் காரணம். அழகான வெளி என்று நாம் கால் வைக்கிற இடம் அதற்குப் பிள்ளைப்பேற்று அறை.

தலைமன்னார்ப் பக்கம் நீர் வற்றிய கரையில் கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த சொண்டோடு கிராப் புளோவர். நண்டைப் பிடித்து உதறி உடைத்து விழுங்கும். இது மணலில் சுரங்கம் தோண்டி அதற்குள் முட்டை இடுகிற பறவை, மணலின் சூடே பாதி அடைகாத்துக் கொடுத்துவிடுகிறது. நாங்கள் வலையும் துணியும் கட்டித் தப்பப் பார்க்கிற வெக்கையை அது வேலைக்கு வைத்திருக்கிறது.

வங்காலைக்கு மன்னார் நகரிலிருந்து பஸ், பிறகு நடை. 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 4,839 ஹெக்டேயர். மத்திய ஆசியாவிலிருந்து கீழே வருகிற வலசைப் பாதை கிட்டத்தட்ட இலங்கையோடு முடிகிறது. ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள், கறுப்புவால் மூக்கான்கள் கூட்டமாக. பூநாரைகள் தூரத்தில், கானல் கிளம்ப முந்திய அந்தத் தெளிந்த வெளிச்சத்தில், பழைய 10×50இல் போதுமான அளவுக்கு. கிட்டப் போகவேண்டாம். ஒருமுறை கலைத்தால் அவை அந்தப் பக்கத் தண்ணீருக்குப் போய்விடும், உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் இல்லை, பறவைக்கும் சாப்பாடு கெடும். திறந்த வெளியில் நிமிர்ந்து நடக்கிற மனிதன்தான் பறவைக்குப் பெரிய பயம். சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தி இருந்தால் கால்மணி நேரத்தில் கரைப்பறவைகள் தாமாகவே கிட்ட மேய வரும். மதியத்தில் தண்ணீர்ப் போத்தலைச் சுற்றுகிற அதே சாக்கு. சைக்கிளில் போகிறவரை அவை திரும்பியும் பார்ப்பதில்லை, நின்று இறங்கினால் எழும்பும்.

பேசாலைக் கரையில் மீன் இறக்குகிற நேரத்தில் கடற்காகங்களும் ஆலாக்களும். அங்கே பைனாகுலரே தேவையில்லை.

திரும்பி வந்ததும் செய்யவேண்டியது உப்பை எடுப்பது. வலை, பட்டி, கயிறு எல்லாவற்றையும் மொட்டைமாடியில் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்கவேண்டும். தூண் கம்பிகளின் பூட்டுக்குள் போன மணலைக் கழற்றித் தட்டவேண்டும், எண்ணெய் போடக்கூடாது, எண்ணெய் மணலைப் பிடித்துவைக்கும். பைனாகுலரின் குவிச் சக்கரத்தில் மணல் இருந்தால் துடைக்கவோ திருப்பவோ வேண்டாம், முதலில் குழந்தைகளுக்கு மூக்கு உறிஞ்சுகிற றபர்ப் பந்தால் ஊதிவிடுங்கள். உரப்பைகளில் ஒன்று வெயிலில் இழை பிரிந்திருந்தது. அடுத்ததை மீதமிருக்கிற சீற் பெல்ட்டில் தைக்கப் போகிறோம். பை திருத்துகிறவரிடம் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.